சீட்டில் இறங்கிய புறா

மேகத்திலிருந்து ஒரு கரம் நீள்கிறது. அதன் உள்ளங்கையில் ஒரு கிண்ணம். வெண்புறா ஒன்று தலைகீழாக இறங்கி வந்து, சிலுவை பொறித்த வட்ட அப்பத்தைத் தன் அலகால் அக்கிண்ணத்தில் இடப்போகிறது. கிண்ணத்தின் விளிம்பிலிருந்து நீர்த்தாரைகள் பெருகிக் கீழேயுள்ள தடாகத்தில் வீழ்கின்றன. இப்படத்தை நம்மில் எவரிடம் காட்டினாலும், புதுநன்மை பெறும் குழந்தைகளுக்கு வழங்கப்படும் நினைவுப் படம் என்றே சொல்வார்கள். அது தவறு. குறி சொல்லப் பயன்படும் 'டாரட்' சீட்டுக் கட்டில் உள்ள ஒரு சீட்டு அது. இன்று மேலைநாடுகளில் தங்களைப் 'பேகன்கள்' என்று பெருமையுடன் அழைத்துக்கொள்வோரின் இல்லப் பீடங்களில் இச்சீட்டு வைக்கப்படுகிறது. பனியன்களிலும் கைப்பைகளிலும் காதணிகளிலும் இதே கட்டின் படங்கள் அச்சாகி விற்பனையாகின்றன.

நற்கருணையின் சாயல் அங்கு எவ்வாறு சென்றது என்னும் வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. விடையைத் தேடிச் சென்றபோது, பேகனியத்தைப் பற்றி மட்டுமன்றி, நம்மைப் பற்றியும் சிலவற்றை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'பாகானுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்பதே பழம்பொருள். நகரங்கள் கிறிஸ்துவை ஏற்ற பின்னரும் பழைய தெய்வங்களை வணங்கிவந்தோரைக் குறிக்க அது பயன்பட்டது. நம் பழைய ஞானோபதேச நூல்கள் இதனை 'அஞ்ஞானி' என்று பெயர்த்து, நம்முடன் ஒரே தெருவில் வாழும் அயலாரின் மீதும் அச்சொல்லை வீசின. அந்தப் பிழையை நாம் மீண்டும் செய்யலாகாது. இங்கே நாம் பேசுவது இந்து சமயத்தவரையோ பழங்குடியினரையோ பற்றியன்று. கிறிஸ்தவ மரபில் வளர்ந்து, அதனின்று விலகி, கிறிஸ்தவத்துக்கு முந்திய ஐரோப்பாவின் வழிபாட்டைப் புதுப்பிக்க முனைந்த இருபதாம் நூற்றாண்டு மனிதரைப் பற்றியே பேசுகிறோம்.

அவர்களுள் முதன்மையானவர் ஜெரால்டு கார்ட்னர் என்னும் ஆங்கிலேயர். 1900-ஆம் ஆண்டு இளம் வயதிலேயே இலங்கைக்கு வந்து, நம் தமிழ்த் தொழிலாளர் உழைத்த தேயிலைத் தோட்டங்களில் பணிகற்றவர். பின்னர் மலாயாவில் ரப்பர் தோட்டத்திலும் சுங்கத் துறையிலும் பணியாற்றி, 1936-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியவர். சூனியத்துக்கு எதிரான 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் கார்ட்னர் தம் நூலை வெளியிட்டு, 'விக்கா' எனப்படும் நெறியை உலகறியச் செய்தார். இது கற்காலம் முதல் மறைவில் வாழ்ந்துவந்த தொல்சமயம் என்பது அவர் கூற்று. ரொனால்டு ஹட்டன் என்னும் வரலாற்றறிஞர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, இது பெரும்பாலும் அண்மைக் காலத்து ஆக்கமே என்பதைப் பகையுணர்வின்றி, சொல்லப்போனால் பரிவோடு, நிறுவியது. இன்றைய பேகன்களில் கற்றோர் பலர் அதை ஏற்றுக்கொண்டும் விட்டனர்.

ஏற்றபின் அவர்களிடம் எஞ்சுவது யாது? தொன்மையான மறைநூல் இல்லை; போதிக்கும் அதிகாரம் இல்லை; பொதுவான விசுவாச அறிக்கையும் இல்லை. பாடல் உண்டு, படம் உண்டு, பீடத்தை அணி செய்யும் முறை உண்டு. நமக்குத் திருமறை நூலும் மரபும் செய்யும் பணியை அவர்களுக்குக் கலையே செய்ய வேண்டியிருக்கிறது. எனவே அவர்களது கலையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது சரியன்று. தம் கையால் தைத்த அங்கி, தாமே வார்த்த மெழுகுவர்த்தி, தோட்டத்து மூலிகை ஆகியவற்றைக் கொண்டு பருவங்களின் வருகையைக் கொண்டாடும் அம்மனிதரிடம் படைப்பின் மீது உண்மையான வியப்பு இருக்கிறது. படைத்தவரை விட்டுப் படைப்பிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது நம் கருத்து. ஆயினும், நெகிழிப் பூக்களால் பீடத்தை நிரப்பும் நம் ஆலயங்கள் சிலவற்றை எண்ணும்போது, அவர்களைக் குறைகூறும் உற்சாகம் நமக்குச் சற்றே குறைகிறது.

ஆடையைப் பொறுத்தவரை இந்நெறியின் தொடக்கம் வேடிக்கையானது. கார்ட்னரின் குழுவினர் ஆடையின்றியே சடங்கு செய்தனர். 'வானையே உடுத்தவர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அந்நிலையைக் குறித்தனர். தமிழ்நாட்டுச் சமணரை அறிந்த நமக்கு அது புதிய சொல்லன்று. 'திகம்பரர்' என்பதன் நேர்ப்பொருள் அதுவே. செல்வனும் ஏழையும் வட்டத்துக்குள் ஒன்றே என்று காட்டவே அவ்வாறு நின்றதாக அவர்கள் விளக்கினர். ஆடையைத் துறந்து தொடங்கிய ஒரு சமயத்தின் அடையாளங்கள் இன்று ஆடை வணிகத்தின் கச்சாப்பொருளாகிவிட்டன.

இனிச் சீட்டுக்கு வருவோம்.

டாரட் சீட்டுகள் எகிப்தியக் கோவில்களில் பிறந்தவை என்று சொல்வோர் உண்டு. 1781-இல் கூர் தெ ழெப்லன் என்னும் பிரெஞ்சுக்காரர் கட்டிவிட்ட கதை அது. உண்மையில் அவை பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்களின் மாளிகைகளில் விளையாட்டுக்காக வரையப்பட்டவை. மிலானின் விஸ்கொந்தி, ஸ்ஃபோர்ட்சா குடும்பங்களுக்காகப் பொன் தகட்டுப் பின்னணியில் தீட்டப்பட்ட சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஒரு கத்தோலிக்கச் சமுதாயம் தன் கண்முன் கண்டவற்றையே அவற்றில் வரைந்தது: பேரரசன், திருத்தந்தை, நீதி, மரணம், எக்காளம் ஊதும் வானதூதர், கல்லறையிலிருந்து எழும் மாந்தர். நம் ஊர்க் கிளி சோதிடரின் கட்டில் வேளாங்கண்ணி அன்னை இடம்பெறுவது போன்றதே இதுவும்.

நாம் முதலில் வருணித்த சீட்டு 1909-இல் இலண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டைச் சேர்ந்தது. திட்டம் வகுத்தவர் ஆர்தர் எட்வர்டு வெய்ட். கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டு, மறைஞான ஆராய்ச்சியில் இறங்கியவர். வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணி. 1878-இல் இலண்டனில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, இளமையில் ஜமைக்காவில் வாழ்ந்து, நியூயார்க்கின் பிராட் கலைக்கூடத்தில் பயின்றவர். கவிஞர் யேட்ஸின் வட்டத்தில் பழகி, மறைஞானக் குழு ஒன்றில் சேர்ந்தவர். இசையைக் கேட்கும்போது உள்ளத்தில் எழும் காட்சிகளை அப்படியே வரையும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ஒளிப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் தம் நியூயார்க் காட்சிக்கூடத்தில் ஒளிப்படம் அல்லாத கலைக்கு முதன்முதலாக இடமளித்தது 1907-இல் இவரது ஓவியங்களுக்கே.

அக்கட்டின் 78 சீட்டுகளையும் பொறுமையாகப் பார்த்தால் வியப்பு மிகும். பேரரசியின் தலையில் பன்னிரு விண்மீன்கள். தலைமைப் பெண்குருவின் மார்பில் சிலுவை, காலடியில் பிறைநிலா. திருவெளிப்பாட்டின் பன்னிரண்டாம் அதிகாரம் காட்டும் பெண்ணை இரண்டாகப் பிரித்தாற்போல் இருக்கின்றன இவ்விரண்டும். தலைமைக் குருவோ மும்முடி அணிந்து, காலடியில் குறுக்காக வைத்த இரு திறவுகோல்களுடன் அமர்ந்திருக்கிறார். பேதுருவின் வழிவந்தவர் என்பதைச் சொல்லித்தான் தெரியவேண்டுமா? உலகத்தைக் குறிக்கும் சீட்டின் நான்கு மூலைகளிலும் எசேக்கியேல் கண்ட நான்கு உயிர்கள். வாள் சீட்டு ஒன்றில், வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் கீழே, கூப்பிய கரங்களுடன் கல்லறைமேல் சிலையாகக் கிடக்கும் வீரன். நாணயச் சீட்டு ஒன்றில், துறவியர் பார்த்திருக்க ஆலயத்தில் உளியுடன் நிற்கும் சிற்பி. பழைய கட்டுகளில் எண்ணிக்கையாக மட்டும் இருந்த சிறு சீட்டுகளுக்கும் மனிதக் காட்சிகளைத் தந்ததே ஸ்மித்தின் தனிச்சாதனை. தூக்கமின்றிப் படுக்கையில் எழுந்தமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் பெண்ணை அவர் வரைந்திருக்கிறார். குறி சொல்வதை நாம் ஏற்கவில்லை. ஆனால் அந்தச் சித்திரத்தின் துயரத்தை மறுக்கவும் நம்மால் இயலவில்லை.

வேலையை முடித்ததும், மிகப் பெரும் பணியைச் சொற்பக் காசுக்குச் செய்து கொடுத்ததாக ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதினார் ஸ்மித். கட்டு 'ரைடர்-வெய்ட்' என்று பதிப்பாளர் பெயராலும் ஆசிரியர் பெயராலும் வழங்கலாயிற்று. வரைந்தவரின் பெயர் விடுபட்டது. சீட்டின் ஓரத்தில் அவர் சுருக்கி எழுதிய தலைப்பெழுத்துகள் மட்டுமே எஞ்சின.

1911-இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.

பேகனியத்தின் கலை வரலாற்றை எழுதுவோர் இதை ஓர் அடிக்குறிப்பாகக் கடந்துவிடுகின்றனர். நம்மவரோ அறவே அறியார். முதல் உலகப் போரின் முடிவையொட்டி, உறவினர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு கார்ன்வால் கடற்கரையின் தென்கோடியான லிசர்டில் ஒரு வீட்டைப் பெற்று, அங்கே குருக்கள் ஓய்வெடுக்கும் விடுதியை நடத்தினார். சிற்றாலயம் ஒன்றையும் பேணினார். ஓவியத்தால் வருவாய் இல்லை. 1951 செப்டம்பரில் ப்யூட் என்னும் சிற்றூரில் அவர் இறந்தபோது, கடனை அடைக்க அவருடைய உடைமைகள் ஏலம் விடப்பட்டன. இன்று அவரை மீட்டெடுத்தவர்கள் யார்? சீட்டை நேசிப்பவர்கள். அவர் பெயரைக் கட்டின் பெயரோடு சேர்த்து வழங்கத் தொடங்கியவர்கள் அவர்களே. அவர் பயின்ற பிராட் கலைக்கூடம் 2019-இல் அவருக்காகவே ஒரு கண்காட்சி நடத்தியது. குருக்களுக்குச் சோறிட்ட அந்தப் பெண்மணியை நம் வரலாறு தேடவில்லை.

இறந்தோர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. இதற்கு இதைவிடக் கூர்மையான சான்று ஆடை உலகில் இருக்கிறது. ஆங்கிலேய உடைக் கலைஞர் அலெக்சாண்டர் மெக்வீன் 2007 மார்ச்சில் பாரிசில் ஒரு தொகுப்பை அரங்கேற்றினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'எலிசபெத் ஹௌவின் நினைவாக, சேலம், 1692' என்பது. மாசச்சூசெட்சின் சேலத்தில் சூனியக்காரி என்று தீர்ப்பளிக்கப்பட்டு 1692 ஜூலை 19 அன்று தூக்கிலிடப்பட்டவர் எலிசபெத் ஹௌ. மெக்வீனின் தாயார் தம் குலவழியை ஆராய்ந்து, அவரைத் தம் முன்னோருள் ஒருவராகக் கண்டறிந்தார். மகன் அந்த நினைவை ஆடையாக்கினார். கறுத்த தரைமீது செந்நிறத்தில் பெரிய ஐமுனை நட்சத்திரம். மேலே தலைகீழ்க் கூம்பகம். அவற்றினிடையே நடந்து வந்தனர் ஒப்பனைப் பெண்கள். தையற்கலையில் மெக்வீனுக்கு நிகரானோர் அவர் தலைமுறையில் மிகச் சிலரே. அத்தொகுப்பின் ஆடை ஒன்று பின்னர் சேலத்து அருங்காட்சியகத்திலேயே அவ்வழக்குகளின் ஆவணங்களோடு காட்சிக்கு வைக்கப்பட்டது. குலத்தாயின் அவமானத்தைத் துடைக்க விழைந்த மகனின் பாசத்தை நாம் ஐயுறவில்லை.

ஆனால் எலிசபெத் ஹௌ யார்? பார்வையிழந்த கணவரையும் குழந்தைகளையும் பேணிய கிறிஸ்தவப் பெண். கடவுளைச் சாட்சியாக வைத்துத் தாம் குற்றமற்றவர் என்று நீதிமன்றத்தில் உரைத்தவர். குற்றத்தை ஒப்புக்கொண்டோர் அவ்வழக்குகளில் தூக்குக்குத் தப்பினர், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1711-இல் குடியேற்ற அரசே அவர் மீதான தீர்ப்பை நீக்கியது. 'நான் அவளல்லள்' என்று சொல்லி உயிர்விட்ட ஒருத்தியின் நினைவுக்கு, அவள் மறுத்த அதே அடையாளத்தைத் தரையில் பரப்பி விழா எடுத்தால் அது நினைவேந்தலாகுமா? நீதிபதிகள் பழியாக அவள்மேல் சுமத்தியதை, அரங்கம் அணிகலனாகச் சுமத்தியது. பேகன் இயக்கத்தாரும் நீண்டகாலம் இப்பிழையைச் செய்தனர். கொல்லப்பட்டோரையெல்லாம் தம் சமயத்தின் மறைசாட்சிகள் என எண்ணிக்கொண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் திருமுழுக்குப் பெற்றவர்கள்.

இதை எழுதும் உரிமை நமக்கு எளிதில் கிட்டுவதன்று. சேலம் பிரிந்த சகோதரரின் ஊர் என்று கூறி நாம் தப்பிக்க முடியாது. 1626 முதல் 1631 வரை ஜெர்மனியின் பாம்பெர்க்கில் நூற்றுக்கணக்கானோரைச் சூனியக் குற்றத்துக்காகக் கொன்றது ஓர் இளவரச ஆயரின் ஆட்சி. அதே 1631-இல் அக்கொடுமையைக் கண்டித்து, சித்திரவதையால் பெறும் வாக்குமூலம் செல்லாது என்று பெயர் மறைத்து நூல் வெளியிட்ட பிரீட்ரிக் ஸ்பே என்ற இயேசு சபைக் குருவும் நம்மவரே.

மெக்வீனின் அரங்கில் ஒரு காயமேனும் இருந்தது. தியோர் நிறுவனம் 2021 ஜனவரியில் வெளியிட்ட 'டாரட் மாளிகை' என்ற குறும்படத்தில் அதுவும் இல்லை. பெருந்தொற்றால் ஆடை அரங்குகள் மூடிக்கிடந்த காலத்தில், அந்நிறுவனத்தின் கலைத் தலைவராக 2016 முதல் 2025 வரை இருந்த மரியா கிராட்சியா கியூரி தம் தொகுப்பைத் திரைப்படமாக அளித்தார். இயக்கியவர் இத்தாலியரான மத்தேயோ கரோனே. தஸ்கனியின் சம்மெட்சானோ மாளிகையின் வண்ண மண்டபங்களில் ஓர் இளம்பெண் அலைந்து, சீட்டின் உருவங்களை ஒவ்வொன்றாகச் சந்திக்கிறாள். விஸ்கொந்தி சீட்டுகளின் பொன்னும் நீலமும் துணியில் உயிர்பெற்றிருக்கின்றன. கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. எனினும் பார்த்து முடித்தபின் நெஞ்சில் எதுவும் தங்கவில்லை. மரணம் வருகிறது, அச்சமில்லை. தலைமைப் பெண்குரு வருகிறாள், அவளிடம் கேட்க நமக்கு எதுவுமில்லை. நம்பிக்கையுள்ளவன் வணங்குகிறான், நம்பாதவன் மறுக்கிறான். இப்படம் இரண்டும் செய்யாமல் உடுத்திப் பார்க்கிறது.

இத்தனைக்கும் அந்நிறுவனத்தின் வரலாற்றிலேயே ஓர் உண்மையான கதை கிடக்கிறது. நிறுவனர் கிறிஸ்தியான் தியோரின் தங்கை கதரின், பிரெஞ்சு விடுதலை எதிர்ப்பியக்கத்தில் இயங்கியதற்காக 1944-இல் கைதாகி ராவென்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று அறிய அண்ணன் குறிசொல்லும் பெண்ணை நாடினார். திரும்பி வருவாள் என்றாள் அவள். 1945-இல் கதரின் திரும்பியும் வந்தார். மறைக்கல்வி ஏட்டின் 2116-ஆம் எண் குறி கேட்பதை ஐயத்திற்கிடமின்றி விலக்குகிறது. அதில் நாம் ஒரு சொல்லையும் தளர்த்தவில்லை. ஆயினும் காணாமற்போன பிள்ளைக்காக யாரிடமெல்லாமோ சென்று கேட்கும் மனிதரை நம் பங்குகளில் நாம் கண்டதில்லையா? அந்த அண்ணனின் இரவுகளைப் பற்றி அக்குறும்படத்தில் ஒரு காட்சி இருந்திருந்தால், நாம் அதனோடு வழக்காடியிருப்போம். வழக்காடத் தகுந்த ஒரு படைப்பாகவாவது அது இருந்திருக்கும்.

பேகன்களே இத்தகைய வணிகத்தை விரும்புவதில்லை என்பதை நம் வாசகர்கள் அறியவேண்டும். 2018-இல் பின்ரோஸ் என்னும் அமெரிக்க வாசனைத் திரவிய நிறுவனம் 'தொடக்கநிலைச் சூனியக்காரிக்கான பெட்டி' ஒன்றை அறிவித்தது. ஒன்பது நறுமணங்கள், ஒரு டாரட் கட்டு, புகையிடும் வெண்மூலிகைக் கட்டு, ஒரு படிகக் கல். விலை 42 டாலர். செபோரா அழகுப்பொருள் கடைகளில் அது விற்பனைக்கு வரவிருந்தது. எதிர்த்தவர் யார்? மதகுருக்கள் அல்லர், சூனிய நெறியைத் தம் சமயமாகக் கொண்டோர். எங்கள் வழிபாடு உதட்டுச் சாயத்தோடு வைத்து விற்கும் பண்டமா என்று அவர்கள் கேட்டனர். அந்த வெண்மூலிகையைப் புனிதமாகப் போற்றும் அமெரிக்கப் பூர்வகுடியினரின் பக்கமிருந்தும் கண்டனம் எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பெட்டியைக் கைவிட்டது. அவர்களது இறையியலை மறுக்கும் நாம், இவ்வழக்கில் அவர்கள் பக்கமே நிற்கிறோம். ஒருவன் மண்டியிடும் பொருளை, அம்மண்டியிடலை நீக்கிவிட்டு விற்பது, அவன் எச்சமயத்தவனாயினும், அவமதிப்பே.

அதே 2018-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் கத்தோலிக்கக் கற்பனையும் ஆடையும் பற்றிய பெருங்கண்காட்சியை மே முதல் அக்டோபர் வரை நடத்தியது. வத்திக்கான் சுமார் 40 பொருட்களை இரவல் கொடுத்தது. திருத்தந்தையர் அணிந்த திருவழிபாட்டு உடைகளும் மும்முடியும் அவற்றுள் அடங்கும். 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அந்த அருங்காட்சியகத்தின் வரலாற்றில் அதுவரை எக்கண்காட்சிக்கும் வராத கூட்டம். தொடக்க விருந்துக்குப் பாடகி ரிஹானா முத்துப் பதித்த ஆயர் முடியுடன் வந்தார். கர்தினால் திமொத்தி டோலனும் கலந்துகொண்டார்.

பெட்டிக்காகப் பேகன்கள் கொதித்தனர். மும்முடிக்காக நம்முள் சிலர் கொதித்தனர், சிலர் மகிழ்ந்தனர். மகிழ்ந்தோரின் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. கண்ணாடிப் பேழைக்குள் இருந்த அந்தப் பின்னல் வேலைப்பாட்டைக் கண்டு ஒருவரேனும், இத்தனை பொறுமையோடு எவருக்காகத் தைத்தார்கள் என்று வியந்திருக்கக்கூடும். கலைஞரின் பணி மறைபொருளைத் தொட வல்லது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999 உயிர்ப்புப் பெருவிழாவன்று கலைஞர்களுக்கு எழுதிய திருமுகம் அந்த நம்பிக்கையில் எழுந்ததே. எனினும் பேழைக்குள் இருக்கும் பூசை உடைக்குத் தோள் இல்லை. உயர்த்திய கைகளோடு அசைவதற்காகத் தைத்த துணி அது.

ஓவியர் மத்தீஸ் இதை அறிந்திருந்தார். வழக்கமாகப் பூசை காணும் மனிதரல்லர் அவர். எனினும் பிரான்சின் வான்சு நகரில் தொமினிக்கன் கன்னியருக்காகச் சிற்றாலயம் ஒன்றை உருவாக்கியபோது, சுவரோடும் சாளரத்தோடும் நின்றுவிடாமல் குருவின் மேலாடைகளையும் வெட்டிய வண்ணத் தாள்களைக் கொண்டு தாமே வகுத்தார். வெண்சுவரின் முன்னே குரு நகரும்போது நிறமும் நகரவேண்டும் என்பது அவர் கணக்கு. அவ்வாலயம் 1951 ஜூன் 25 அன்று அருட்பொழிவு செய்யப்பட்டது. சூனியச் சட்டம் நீங்கி மூன்று நாள்கள் ஆகியிருந்தன. கார்ன்வாலில் பமேலா கோல்மன் ஸ்மித்துக்கு இன்னும் மூன்று மாதமே வாழ்வு இருந்தது.

அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தைக் காட்ட ஒரு கல்லும் இல்லை. சிலுவை பொறித்த அப்பத்தோடு இறங்கும் அவருடைய புறா மட்டும் ஆண்டுதோறும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.